மாரக்காள் பாடி பில்டர்ஸ்

அரசாங்கம் முருகானந்தத்துக்கு எல்லாம் கொடுத்தது. குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். சேலத்தில் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்தது. காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும், மாலையில் டீயும் ஒரு வடையும் கொடுத்தது. தோளில் மாட்ட ஒரு பை, பைக்குள் ஒரு நோட்டு. 'பட்டியல் இனத் தொழில்முனைவோர்' என்று அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டது. வங்கியில் கடன் வாங்கித் தந்தது, அதற்கு மானியமும் தந்தது. நாமக்கல்லுக்கு வெளியே தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையும் ஒதுக்கித் தந்தது. வெல்டிங் மிஷின், இரும்பு அறுக்கிற மிஷின், மரம் இழைக்கிற மிஷின் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின. கொடுக்காதது ஒன்றே ஒன்றுதான். வண்டி.

லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்கு வண்டி வராவிட்டால், அது மாப்பிள்ளை வராத கல்யாண வீடுதான். பந்தல் இருக்கும், வாழைமரம் இருக்கும், சோறு ஆறிக்கொண்டிருக்கும். கம்பெனியிலிருந்து முன்னால் கேபினும் பின்னால் வெறும் சட்டமுமாக வருகிற சேஸுக்கு, சுமை ஏற்றும் உடம்பைக் கட்டிக் கொடுப்பதுதான் இந்த ஊர்த் தொழில். முருகானந்தம் இருபத்தொரு வருஷம் மற்றவர்கள் பட்டறையில் அதைக் கட்டினான். அவன் கைபட்ட வண்டிகள் நாக்பூர், குவாஹாத்தி என்று போகாத ஊர் இல்லை. ஒவ்வொன்றின் பின் கதவிலும், கீழ் ஓரத்தில், இன்னார் பாடி பில்டர்ஸ், நாமக்கல் என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் யாராகவும் இருக்கலாம், முருகானந்தமாக மட்டும் இருக்க முடியாது.

சொந்தக் கொட்டகை திறந்து ஏழு மாதம் ஆயிற்று. ஒரு சேஸ் உள்ளே வரவில்லை. 'மேஸ்திரி கை தங்கக் கை' என்று இருபத்தொரு வருஷமாகச் சொன்னவர்கள், அதே வாயால் 'பாக்கலாமுங்க' என்றார்கள். காரணத்தை ஒருத்தரும் சொல்லவில்லை. இந்த ஊரில் அந்தக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நாகரிகம் வளர்ந்துவிட்டது பாருங்கள். தங்கக் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். அடுத்தவர் பட்டறையில் அந்தக் கை வேலை செய்யலாம். தனியாக ஒரு போர்டு மாட்டினால்தான் பாக்கலாமுங்க.

போர்டில் இருந்த பெயர் மாரக்காள். அவனுடைய அம்மா.

மாரக்காளுக்கு அறுபத்தெட்டு வயது. வயசுக் காலமெல்லாம் மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டியவள். ஆட்களைக் கூட்டிப் போகிறவர் வைத்திருந்த நோட்டில் அவளுக்குப் பெயர் இல்லை. 'ஆண்டி சம்சாரம்' என்றுதான் எழுதியிருக்கும். ஆண்டி செத்துப்போய்ப் பதினோரு வருஷம் வரைக்கும் நோட்டில் அவள் ஆண்டி சம்சாரமாகவே இருந்தாள். "செத்தவன் பேரு நிக்குது, வெட்டுனவ பேரு நிக்கலை பாத்தியா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். பிறகு மகளிர் குழுவில் சேர்ந்தபோது கைநாட்டு கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் மண்ணிலும் சுவரிலும் எழுதிப் பழகி, தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். உலகத்தில் எழுதிக் கிடக்கும் கோடானுகோடி வார்த்தைகளில் அவளுக்குப் படிக்கத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

கடனுக்கு விண்ணப்பம் எழுதிய நாளில், நிறுவனத்தின் பெயர் என்ன என்று கேட்டாள் கிருத்திகா. சேலத்தில் தொழில்முனைவோர் உதவி மையத்தில் ஒப்பந்தச் சம்பளத்தில் வேலை பார்க்கிற பெண் அவள். எல்லோரும் சாமி பெயரைச் சொல்வார்கள். முருகானந்தம் யோசிக்காமல் மாரக்காள் என்றான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, "எனக்கெதுக்கு சாமி அதெல்லாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோறு போடும்போது மெதுவாகக் கேட்டாள்.

"எங்க எழுதுவாங்க?"

"கொட்டாய் போர்டுல எழுதுவம்மா. அப்பறம் கட்டற ஒவ்வொரு லாரியிலயும், பின் கதவுல."

"போர்டு நம்ம கொட்டாயிலயே நிக்கும். லாரி போவுமில்ல?"

"போவும்."

"காசிக்குப் போவுமா?"

"போவும்மா. அதுக்கு மேலயும் போவும்."

"அப்பச் சரி. நான் போவாட்டியும் என்ற பேரு போயிட்டு வந்தாப் போதும்" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஏழு மாதமும், அவன் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தும்போதெல்லாம், எதுவும் கேட்காமல் அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டுவான். தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்தப் பார்வைக்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

எட்டாவது மாதத்தில் ஜெகதீஸ்வரன் வந்தார். திருச்செங்கோடு ரோட்டில் ஆபீஸ் வைத்து ஐந்து லாரி ஓட்டுகிறவர். ஐந்தில் மூன்று முருகானந்தம் வேறு பட்டறைகளில் கட்டியது. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், மிஷின்களைத் தட்டிப் பார்த்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, இப்பத்தான் குடிச்சேன் என்றார். அதை முருகானந்தம் எதிர்பார்த்திருந்தான். எதிர்பார்க்காதது அடுத்து வந்தது.

"ஆறாவது வண்டி எடுத்திருக்கறன் மேஸ்திரி. உன்ற கையில கட்டுனாத்தான் எனக்குத் திருப்தி. ஆனா ஒண்ணு. பொறகால எழுத்து மட்டும் வேண்டாம்."

"ஏனுங்க?"

"தப்பா நெனச்சுக்காத. நாளைக்கு விக்கப் போனா, பின் கதவைப் பாத்துத்தான் வெலை கேக்கறானுக. புதுப் பேரா இருந்தா யாரு பட்டறைன்னு கேப்பானுக. கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

'முருகானந்தம் பட்டறைன்னு சொல்லுங்க' என்ற பதில் அவன் தொண்டை வரைக்கும் வந்தது. ஏழு மாதம் காலியாகக் கிடந்த கொட்டகை அதை விழுங்கச் சொன்னது. "சரிங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையை நினைத்து எத்தனை நாள் சாப்பிடாமல் படுத்தான் என்று அவன் மனைவி சுகன்யாவைக் கேட்டால் சொல்வாள்.

வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. நாற்பது நாளில் அப்படி ஒரு பாடி கட்டினான். கதவு அடைத்தால் காற்று உள்ளே போகாது, பலகைக்கும் பலகைக்கும் நடுவே நகம் போகாது. அடிப் பலகை போடுவதற்கு முன்பு, ஒருநாள் உச்சி வெயிலில் ஆசாரிகள் சாப்பிடப் போன நேரத்தில், வெள்ளை பெயிண்டும் சின்ன பிரஷும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தான். பின் சக்கரத்தைத் தாண்டி இருந்த குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கத்தில், மாரக்காள் என்று எழுதினான். பாடி பில்டர்ஸ் இல்லை, நாமக்கல் இல்லை, வெறும் மாரக்காள். எழுதி முடித்து வெளியே வந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. சொந்தப் பட்டறையில், சொந்த அம்மா பெயரை, பாலைத் திருடிக் குடிக்கிற பூனை மாதிரி எழுத வேண்டியிருக்கிறதே என்று பிரஷைத் தூக்கி எறிந்தான். அப்புறம் தேடி எடுத்துக் கழுவி வைத்தான். நல்ல பிரஷ்.

வண்டி எடுக்கிற அன்றைக்குப் பத்தரை மணிக்கு நல்ல நேரம். ஒன்பது மணிக்கே கிருத்திகா சேலத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். அவன் கொட்டகையிலிருந்து முதல் வண்டி போகிறது என்பதில் அவனை விட அவளுக்குத்தான் சந்தோஷம். அவனுடைய காகிதங்களில் பாதியை எந்த எந்த மேஜையிலிருந்தோ தேடிப் பிடித்து நகர்த்தியவள் அவள்தான். பையிலிருந்து சுருட்டிய ஒரு ஸ்டிக்கரை எடுத்தாள். சிவப்பு எழுத்தில், மாரக்காள் பாடி பில்டர்ஸ், நாமக்கல். சேலத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் சொந்தக் காசில் அடித்திருக்கிறாள்.

எழுத்து வேண்டாம் என்று ஜெகதீஸ்வரன் சொன்னதை அவன் சொன்னான். அவள் ஸ்டிக்கரைப் பாதி சுருட்டிவிட்டு நிறுத்தினாள்.

"எங்க ஆபீஸ்ல சாதனையாளர் புத்தகம் ஒண்ணு போடறாங்க அண்ணா. பன்னெண்டு பேர் கதை வேணும்னு கேட்டாங்க, பதினொண்ணுதான் தேறுச்சு" என்றாள். "பத்தே நிமிஷம். ஒட்டி, போட்டோ எடுத்துட்டு, கிழிச்சுடலாம். இதைப் பாத்துட்டு இன்னும் நாலு பேர் தைரியமா வருவாங்க இல்லையா?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். ஒட்டினார்கள். முருகானந்தம் பக்கத்தில் நின்றான். இங்க பாருங்க அண்ணா, கேமராவைப் பாருங்க என்று அவள் மூன்று தடவை சொன்னாள். அவனால் பார்க்க முடியவில்லை. கழுத்து தானாக எழுத்துப் பக்கம் திரும்பிக்கொண்டது. கடைசியில் அப்படியே எடுத்துவிட்டாள். பிறகு ஸ்டிக்கரை உரித்து, பெயிண்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துப் பசையைத் துடைத்தான். ஜெகதீஸ்வரன் குடும்பத்தோடு வந்தார். பூசணிக்காய் உடைத்தார்கள், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள், வண்டி போயிற்று. அம்மா அன்றைக்கு இல்லை. கண்ணில் புரை எடுப்பதற்காகச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நல்லதாப் போச்சு என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது. வழுவழுப்பான தாள். சுகன்யா உரக்கப் படித்துக் காட்டினாள். புதுக் கண்ணோடு மாரக்காள் அதை வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்து, லாரியின் பின் கதவில் விரலை வைத்தாள். விரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது.

"இது நானு" என்றாள்.

 அவள் புத்தகத்தை இறக்கவே இல்லை. வண்டி எண்ணைப் பார்த்தாள். பஸ் நம்பர் பார்த்து ஏறி இறங்கியவளுக்கு எண்கள் தெரியும். "நாலு, நாலு, ஒண்ணு, ஏழு" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். அந்த நேரத்தில் முருகானந்தம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒருநாள் அழுகையோடு போயிருக்கும். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தான். பிறந்ததிலிருந்து அம்மா அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை, அதைத் தன் கையால் துடைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலத்திலிருந்து அவள் பைபாஸுக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். டீக்கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிற கடை, அதன் வாசலில் போட்டிருந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொள்வாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய புத்தகம் மடியில் இருக்கும். வருகிற லாரியைப் பார்க்க மாட்டாள். தாண்டிப் போகிற லாரியின் முதுகைத்தான் பார்ப்பாள். பஞ்சர் கடைக்காரர் ஒருநாள் கேட்டார், "ஏனுங்காயா, தினமும் வந்து யாரைப் பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க?"

"என்னையத்தான் சாமி" என்றாளாம்.

இதை அவரே முருகானந்தத்திடம் சிரிப்பாகச் சொன்னார். அவனும் சிரித்து வைத்தான். வீட்டுக்கு வந்தால், "இன்னிக்கும் காங்கலை. காசிக்குப் போயிருக்குமாட்ட இருக்குது" என்பாள் அம்மா. தட்டில் போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு அவன் எழுந்துவிடுவான். இப்படி நாலு மாதம். அந்த நாலு மாதத்தில் அவனும் ஏங்கிப் போனான். பைபாஸில் வண்டி ஓட்டிப் போகும்போது அவன் கண்ணும் லாரிகளின் பின் கதவுக்குத்தான் போகும், இல்லை என்று தெரிந்திருந்தும்.

கொட்டகை மறுபடியும் காலியாகத்தான் கிடந்தது. பேர் இல்லாத வண்டியைப் பார்த்து யார் தேடி வருவார்கள்? நாலு மாதம் கழித்து ஒருவர் தேடி வந்தார். ஆத்தூரில் ஜவ்வரிசி வியாபாரம் செய்கிற தங்கசாமி. ஜெகதீஸ்வரனின் வண்டியில் அவர் சரக்கு போகிறது. பாடியைப் பார்த்துவிட்டு, டிரைவரை விசாரித்து, முகவரி கண்டுபிடித்து வந்துவிட்டார். சொந்தமாக ஒரு லாரி எடுக்கிறாராம், அதற்குப் பாடி கட்ட வேண்டுமாம். பேச்சு எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அந்த வண்டியில பேரு எழுதல இல்ல? அதே மாதிரி நமக்கும் இருக்கட்டும். எதுக்கு வீண் பேச்சு."

முருகானந்தம் வாயைத் திறந்தான். 'சரிங்க' நாக்கு நுனியில் நின்றது. அப்போது போன் அடித்தது. ஜெகதீஸ்வரன்.

"மேஸ்திரி, உங்கம்மா பைபாஸ்ல என்ற வண்டிய மறிச்சுட்டு நிக்குதாம்பா! டிரைவரு அம்மாசி போன் பண்றான். வடக்க இந்தூர் டவுனுக்குப் போற லோடு. உடனே போய் என்னன்னு பாரு."

தங்கசாமியைக் கொட்டகையிலேயே உட்கார வைத்துவிட்டு பைக்கை எடுத்தான்.  நாலு, நாலு, ஒண்ணு, ஏழு டீ குடிக்க நின்றிருக்கிறது, அம்மா பார்த்துவிட்டாள். இத்தனை நாள் எந்த நாளுக்குப் பயந்தானோ அந்த நாள் வந்துவிட்டது.

வண்டிக்குப் பின்னால் மாரக்காள் நின்றிருந்தாள். ஒரு கை பின் கதவில், ஒரு கையில் விரித்த புத்தகம். சுற்றிலும் டீக்கடைக்காரர், பஞ்சர் கடைக்காரர், முட்டை லாரி டிரைவர்கள் இரண்டு பேர். டிரைவர் அம்மாசி கையைக் கட்டிக்கொண்டு பாவமாக நின்றிருந்தார்.

"எவன்டா அழிச்சது?" என்று கத்திக்கொண்டிருந்தாள். "என்ற பையன் எழுதுன எழுத்தை எவன்டா அழிச்சது? உங்கப்பன் ஊட்டுக் கதவாடா இது, நெனச்சாத் தொடைக்கறதுக்கு?"

"ஆயா, நான் வண்டி எடுத்த நாள்லருந்து அங்க எழுத்தே இல்லைங்க."

"பொய் சொல்லாத! படத்தைப் பாரு! கண்ணு தெரியாதவன்னு நெனச்சயா? இப்பத்தான் ஆபரேசன் பண்ணிட்டு வந்திருக்கறன்!"

முருகானந்தத்தைப் பார்த்ததும் அவள் குரல் உடைந்தது. "சாமி, பாரு சாமி. அழிச்சுப் போட்டானுக. கேளு இவனுகளை."

ஒரு டிரைவர் மேல் பழி போகிறது. தான் பேசாமல் நின்றால் போதும், பழி அங்கேயே நின்றுவிடும். அவனால் முடியவில்லை.

"யாரும் அழிக்கலைம்மா" என்றான்.

"அப்பறம்?"

"நான் எழுதவே இல்லை."

மாரக்காள் அவனைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். அப்புறம் சின்னப் பிள்ளையிடம் கேட்பது மாதிரி கேட்டாள். "ஏன் சாமி, பெயிண்டு தீந்து போச்சா?"

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. நாலு பேர் நடுவில் எல்லாவற்றையும் சொன்னான். எழுதக்கூடாது என்று சொன்னார்கள், சரி என்று சொன்னேன், படத்தில் இருப்பது ஒட்டி உரித்த ஸ்டிக்கர், பத்து நிமிஷம்தான் இருந்தது. ஏன் எழுதக்கூடாது என்று அவள் கேட்கவில்லை. கரும்புக் காட்டு நோட்டைப் பார்த்தவளுக்கு அதைப் போய் விளக்க வேண்டுமா? அம்மாசி தலையைக் குனிந்துகொண்டார். டீக்கடைக்காரர் போய் அடுப்பைப் பார்த்தார். மாரக்காள் புத்தகத்தை மூடிக் கவருக்குள் வைத்தாள். வைக்கும்போது கை தவறித் தவறி வெளியே வந்தது.

"அப்ப நான் எந்த வண்டியிலயும் இல்லை" என்றாள்.

"இருக்கறம்மா" என்றான் அவன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "இந்த வண்டியிலதான் இருக்கற. அடியில. யாருக்கும் தெரியாம எழுதி வெச்சிருக்கறன்."

அவள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். கையை ஊன்றித் தரையில் உட்கார்ந்தாள். ஆயா வேண்டாங்க, வேண்டாங்க என்று நாலு பக்கமும் சத்தம் வந்தது. அம்மாசி ஓடிப்போய் கேபினிலிருந்து சாவியை உருவிக்கொண்டு வந்து முருகானந்தத்தின் கையில் வைத்து அழுத்தினார். "வண்டி நகராதுங்க, நீங்களும் போங்க" என்றார்.

அவன் அவளுக்குப் பக்கத்தில் ஊர்ந்து போனான். தார் ரோட்டு ஓரத்துச் சரளைக்கல் முழங்கையில் குத்தியது. பின் சக்கரத்தைத் தாண்டியதும் மல்லாந்து படுத்தார்கள். சட்டத்தில் ஆறு மாதச் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி எழுத்து மறைந்துபோயிருந்தது. மாரக்காள் முந்தானை நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். முதலில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அப்புறம் முழுசாக. அவள் விரலை வைத்துப் படித்தாள், மா, ர, க், கா, ள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். மூன்றாவது தடவையும் படித்தாள். முருகானந்தம் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தான், கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"எங்கெங்க போயிருக்குது இது?" என்று கேட்டாள், மேலே பார்த்தபடியே.

அவன் பதில் சொல்வதற்கு முன்னால் வெளியிலிருந்து அம்மாசி குனிந்து சொன்னார். "நாக்பூர் போயிருக்குதுங்க ஆயா. ஜான்சி, கான்பூர். காசிக்கு ரெண்டு தடவ போயிட்டு வந்திருக்குது."

"ரெண்டு தடவையா" என்றாள் மாரக்காள்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். அவளை எழுப்பி நிறுத்தவே மூன்று பேர் வேண்டியிருந்தது. சேலையெல்லாம் கருப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராக நிமிர்ந்து நிற்க முயன்றாள்.

"எழுத்து நல்லாருக்குது சாமி" என்றாள். "ஆனா இடுப்புப் புடிச்சுக்கிச்சு. அடுத்த வண்டியில, நின்னுட்டே பாக்கற மாதிரி எழுது."

அவ்வளவுதான் சொன்னாள். அம்மாசியிடம் திரும்பி, "உன்னைய வஞ்சுப் போட்டன், மனசுல வெச்சுக்காத. போ சாமி, லோடு நிக்கப்படாது" என்றாள். வண்டி கிளம்பும்போது, பழக்க தோஷத்தில், அதன் முதுகைப் பார்த்தாள். பிறகு திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஜெகதீஸ்வரன் மறுபடி போன் செய்தார். "என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. அம்மா எழுத்தைப் பாக்கணும்னாங்க, பாத்தாங்க."

"எந்த எழுத்தை?"

"வண்டி திரும்பி வந்தா நானே காட்டறேனுங்க" என்று சொல்லி வைத்தான்.

கொட்டகையில் தங்கசாமி இன்னும் காத்திருந்தார். சட்டையெல்லாம் கிரீஸோடு வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் உட்காரவில்லை. "வேலைல ஒரு குறை சொல்ல முடியாத மாதிரி கட்டித் தாரேனுங்க. ஆனா பேரு எழுதுவேன். பின் கதவுல, நின்னு பாத்தாத் தெரியற மாதிரி எழுதுவேன். சம்மதம்னா வண்டிய விடுங்க" என்றான்.  தங்கசாமி எழுந்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். ஆத்தூர்க்காரர் வாயிலும் பாக்கலாமுங்கதான்.

போன் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். வங்கியிலிருந்து மட்டும் தவறாமல் போன் வந்தது. நடுவில் ஒருநாள் கிருத்திகா கூப்பிட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.  "மன்னிச்சுருங்க அண்ணா. நான்தான் ஒட்டச் சொன்னேன்" என்றாள். "அடுத்த தடவ வரும்போது ஸ்டிக்கர் கொண்டாராதம்மிணி, நீ மட்டும் வா" என்றான். அடுத்த தடவை ஒன்று இருக்குமா என்று அவனுக்கே தெரியாது. சாயங்காலங்களில் கொட்டகை வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பான். தூரத்தில் ஒரு சேஸ் வந்தால் ரோட்டு ஓரம் வரைக்கும் போய்விடுவான். அது வேறு பட்டறைக்குத் திரும்பிவிடும். அம்மா டயரில் உட்கார்ந்திருந்த நாலு மாதமும் எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் பைபாஸுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். மதியம் சோறு எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து, சாயங்காலம் வரை அவனோடு உட்கார்ந்திருப்பாள்.

இருபதாவது நாள் மூன்று மணி இருக்கும். முன்னால் கேபின் மட்டும் இருந்த ஒரு புது சேஸ் ரோட்டில் வந்தது. மற்ற பட்டறைகளைத் தாண்டியது. கொட்டகைக்கு எதிரே வந்து, திரும்பி, உள்ளே நுழைந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

"தங்கசாமி அண்ணன் விடச் சொன்னாருங்க. எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே பண்ணிக்கலாமாம். எழுத்து மட்டும் ரொம்பப் பெருசா வேண்டாம்னாரு."

 மாரக்காள் எழுந்து வந்து சேஸின் பின்பக்கம் போய் நின்றாள். அங்கே இன்னும் கதவு இல்லை, சட்டம் மட்டும்தான் நீட்டிக்கொண்டிருந்தது. கதவு வரப்போகிற வெறும் இடத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"எவ்வளவு பெருசு எழுதுவ?"

அவன் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து, ஒரு சாண் காட்டினான்.

"நின்னுட்டுப் பாத்தாத் தெரியுமா?"

"தெரியும்மா."

"பைபாஸ்ல வேகமாப் போவுமே. டயர்ல உக்காந்திருந்தாத் தெரியுமா?"

முருகானந்தம் டிரைவரைப் பார்த்தான். அவர் கேபினுக்குள் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். அவன் இன்னொரு கையையும் விரித்து, முதல் சாணுக்குப் பக்கத்தில் வைத்தான்.